முதல் வரிசையில் டுபோவ்கா

மரியரட்ணம் கதிரை போட்டால் போட்டதுதான். பிறகு ஒருவரும் அதை நகர்த்த வேண்டி வராது. மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தங்கூசி என்கிற மீன்பிடி நைலோன் நூலை இழுத்துக் கட்டுவார். ஒவ்வொரு கதிரையின் முன்காலும் அந்த நூலில் முட்டியும் முட்டாமலும் நிற்க வேண்டும். கடல்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். கையில் தங்கூசி இருந்தால் உலகத்தில் எதையும் நேராக்கிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. இதுவரைக்கும் அது வீண்போகவில்லை.

வயது ஐம்பத்தேழு. மன்னாருக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமம் பிறந்த இடம். அகதியாக ஜேர்மனிக்கு வந்தவரை எந்த ஊருக்கு அனுப்புவது என்று யாரோ ஒரு அலுவலகத்தில் தீர்மானித்தார்கள். அப்படித்தான் டிரெஸ்டனுக்கும் அப்பால், லவுசிட்ஸ் என்ற மூலைக்கு வந்து சேர்ந்தார். ஹம்பேர்க்கில் இருக்கும் சொந்தக்காரர் இன்றைக்கும் கேட்பார்கள்: "அங்கை என்னப்பா இருக்கு? ஒரு தமிழ்க்கடையாவது இருக்கோ?"

"கடை இல்லை. ஏரி இருக்கு," என்பார்.

ஏரி என்றால் இயற்கையான ஏரி அல்ல. நிலக்கரி தோண்டிய பெருங்குழிக்குள் தண்ணீர் விட்டு ஏரியாக்கியிருக்கிறார்கள். அதன் கரையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் வளாகம். அங்குள்ள விழா மண்டபத்துக்குப் பதினொரு வருடமாக மரியரட்ணம்தான் ஹவுஸ்மைஸ்ரர். சாவி, விளக்கு, ஒலிவாங்கி, மேசை, கதிரை எல்லாம் அவர் பொறுப்பு. பேராசிரியர்கள் மாறுவார்கள், தலைவர்கள் மாறுவார்கள். ஒலிவாங்கி கீச்சிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான்.

அந்த மண்டபத்தில் ஒரு முறை இருந்தது. நிகழ்ச்சி நிரலில் யாருடைய பேர் இருக்கிறதோ அவருக்கு முன்பக்கத்தில் ஒரு கதிரை, கதிரையில் பேர்த்துண்டு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மரியரட்ணம் அப்படிச் செய்து செய்து அதுவே முறையாகிவிட்டது. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பேர் இருந்து கதிரை இல்லாமல் போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டும். பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் பெருமைப்பட உரிமை என்று யார் சொன்னது?

கதை தொடங்கியது வசந்த காலத்தில், ஒரு வகுப்பில்.

சுரங்கம் தோண்டிக் கெட்ட நிலத்தை எப்படித் திருத்துவது என்று ஒரு பாடம். அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகமும் இந்தக் கல்லூரியும் சேர்ந்து திரையினூடாக நடத்தின. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே வகுப்பு, அங்கே பொழுதுபட்டிருக்கும். திரையையும் வயர்களையும் பொருத்திவிட்டு, ஏதும் அறுந்தால் பார்க்க மரியரட்ணம் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார்.

அவுஸ்திரேலியப் பேராசிரியை எந்தப் பாடத்தையும் நேரே தொடங்கமாட்டார். முதலில் ஒரு மக்களின் பெயரைச் சொல்வார். தான் நின்று பேசுகிற நிலம் அவர்களுடையது, தலைமுறை தலைமுறையாக அவர்களே அதற்கு உரியவர்கள், அவர்களுடைய முன்னோருக்கும் இன்றைய மூத்தோருக்கும் என் மரியாதை என்பார். அதன்பிறகுதான் மண்ணின் அமிலம், நிலத்தடி நீர் எல்லாம்.

மரியரட்ணம் முதலில் அதை ஒரு செபம் என்றே நினைத்தார். குரல் அப்படி. முதல் இரண்டு கிழமையும் கைகூப்பி நின்றார். மூன்றாம் கிழமை முடிவில் சிலுவையும் போட்டுக்கொண்டார். நான்காம் கிழமைதான் ஆங்கிலம் முழுதாகப் பிடிபட்டது.

ஒருநாள் பேராசிரியை இந்தப் பக்கத்து மாணவர்களைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் இருக்கிற கட்டடம் யாருடைய நிலத்தில் நிற்கிறது?"

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கல்லூரியுடையது," என்றான் ஒருவன். "அரசாங்கத்துடையது," என்றாள் ஒருத்தி. "முன்பு இங்கே யாரும் இல்லை, சுரங்கம்தான்," என்றது இன்னொரு குரல்.

பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மரியரட்ணத்தின் கை நின்றது. "டுபோவ்கா," என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது.

டுபோவ்கா ஒரு ஊர். முப்பத்தொரு வீடு. அங்கிருந்தவர்கள் சோர்பியர். ஜேர்மானியர் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே இங்கே காடு வெட்டி விதைத்த மக்கள். அவர்களுக்கென்று தனி மொழி இன்றைக்கும் இருக்கிறது. தெருப் பலகைகளில் இரண்டு மொழியும் இருக்கும். எண்பதுகளின் கடைசியில் கரிக்காக டுபோவ்காவை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு நாடு மாறியது, கணக்கு மாறியது, சுரங்கத்தை மூடினார்கள். குழி ஊரின் வாசல்வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. ஊரின் கீழே இருந்த கரியை ஒருவரும் தோண்டவேயில்லை. இடித்ததுதான் மிச்சம். அந்த இடத்தில்தான் இந்த வளாகம் எழும்பியது.

மரியரட்ணத்துக்கு இதெல்லாம் தெரிந்தது கோவிலில். அவர் குடியிருக்கும் ஊரின் ஒரே கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு காலைப் பூசை சோர்பிய மொழியில் நடக்கும். விளங்காவிட்டாலும் பூசை பூசைதானே என்று இருபது வருடத்துக்கு மேலாகப் போய்வருகிறார். முன்வரிசை வாங்கில் ஹான்கா நோவாக் இருப்பார். எழுபத்துநாலு வயது, கணீரென்ற பாட்டுக்குரல். டுபோவ்காவின் எட்டாம் இலக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். மரியரட்ணமும் மனைவி வெரோனிக்காவும் தங்களுக்குள் அவரை 'ஹான்கா அக்கா' என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வகுப்பு மாறியது. இந்தப் பக்கத்து மாணவர்களும் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் முறைவைத்து எழுந்து, "இந்தக் கட்டடம் டுபோவ்கா ஊரின் நிலத்தில் நிற்கிறது," என்று சொன்னார்கள். மரியரட்ணத்துக்கு அது பிடித்திருந்தது.

செப்டெம்பரில் அந்தப் பாடத்தைப் பெரிய ஆய்வு மையமாக்கித் திறப்பு விழா வைத்தார்கள். அமைச்சின் செயலாளர் வருகிறார், பேராசிரியை அவுஸ்திரேலியாவிலிருந்து நேரில் வருகிறார், நூற்றுப் பன்னிரண்டு விருந்தினர். நிகழ்ச்சி நிரல் மரியரட்ணத்தின் கைக்கு வந்தது. முதல் அம்சம்: 'டுபோவ்கா மக்களுக்கு மரியாதை. இரண்டு நிமிடம்.'

பேர்த்துண்டு அடிக்க வேண்டிய பட்டியலைப் பார்த்தார். அமைச்சு இருந்தது. வங்கி இருந்தது. முதல் அம்சத்துக்குரியவர்கள் மட்டும் இல்லை.

'பிள்ளை மறந்துபோனாள்,' என்று நினைத்தார். பிள்ளை என்றது யூலியாவை. நிகழ்ச்சிப் பிரிவின் பொறுப்பாளர். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரி, ஒரே நேரத்தில் இரண்டு கைபேசியில் இரண்டு பேருடன் சண்டை பிடிக்கக்கூடியவள். அவள் மறந்ததைச் சத்தமில்லாமல் சரிசெய்வது மரியரட்ணத்தின் வழக்கம். பூச்சாடி, தண்ணீர்ப் போத்தல், ஒருமுறை ஒரு முழுப் பியானோ. இதையும் அப்படியே சரிசெய்தார்.

அலுமாரியில் அழைப்பிதழ் மிச்சம் கிடந்தது. நாற்பதை எடுத்தார். சனிக்கிழமை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, வெரோனிக்காவையும் கூட்டிக்கொண்டு ஹான்காவின் மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனார். தபாலில் போட்டிருக்கலாம்தான். ஆனால் ஒருவரைச் சபைக்குக் கூப்பிடுவதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வாசலில் போய் நிற்க வேண்டும். அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

ஹான்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அழைப்பிதழை இரண்டு தரம் வாசித்தார். "ஆர் உங்களை அனுப்பினது?" என்று கேட்டார். ஜேர்மன் மொழியில்தான் கேட்டார். ஆனால் மரியரட்ணத்தின் காதில் எந்த மொழியும் மன்னார்த் தமிழாகித்தான் விழும்.

"நிகழ்ச்சி நிரலிலை உங்கடை பேர்தான் முதல் இருக்கு. பேர் இருந்தால் கதிரை இருக்கும். எத்தினை பேர் வருவியள் எண்டு சொன்னால் காணும்."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் சைக்கிளில் திரிந்து மிச்ச வீடுகளுக்கும் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் யூலியா கையில் தாளோடு மண்டபத்துக்குள் வந்தாள்.

"ரட்ணம், முதல் அம்சத்தை ஒரு நிமிசமாக் குறைச்சிட்டன். கல்லூரித் தலைவர் வாசிச்சிட்டு இறங்கிடுவார்."

"ஒரு நிமிசம் காணாது. திருமதி நோவாக் மெல்லமாத்தான் நடப்பா."

"திருமதி நோவாக் ஆர்?"

"முதல் அம்சம்."

யூலியாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நீங்கள் ஆக்களைக் கூப்பிட்டிருக்கிறீங்களோ?"

"ஓம். முப்பத்தெட்டு. ஒருத்தர் நடக்க மாட்டார், சில்லுக்கதிரை. அவருக்கு இடம் பாத்திட்டன்."

"ஐயோ ரட்ணம்! அது ஒரு வசனம். அவுஸ்திரேலியாக்காரர் தங்கடை விழாவளிலை சொல்லுறவை எண்டு நாங்களும் போட்டது. வசனத்துக்கு ஆராவது ஆள் கூப்பிடுவினமோ?"

"வசனத்துக்குள்ளை ஆக்கள் இருக்கினமே."

"அது நினைவுகூருறது!"

"எங்கடை கோயிலிலை ஆள் இல்லாமல் பேர் வாசிக்கிறது ஒரேயொரு விசயத்துக்குத்தான். செத்த ஆத்துமாக்களுக்குப் பூசை ஒப்புக்குடுக்கேக்கை. இவை சாகேல்லை, யூலியா. நாலு பஸ் தரிப்புக்கு அங்காலை இருக்கினம்."

யூலியா தாளால் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "நூற்றுப் பன்னிரண்டு கதிரை, நூற்றுப் பன்னிரண்டு ஆள். ஒரு கதிரை கூடப் போட்டாலும் தீயணைப்புச் சட்டத்துக்குப் பிழை எண்டு எனக்குப் படிப்பிச்சதே நீங்கள்தான்."

"மேசையோடை எண்டால் பிழை. மேசையை எடுத்திட்டு வெறும் வரிசையாப் போட்டால் நூற்றுத் தொண்ணூற்றாறுக்கு அனுமதி இருக்கு. முத்திரை குத்தின ரெண்டாவது வரைபடம் சுவரிலை தொங்குது."

"மேசை வேணும். அமைச்சின்ரை செயலாளர் குறிப்பெழுதுறவர்."

"போனமுறை அவர் எழுதினதை நான் பாத்தனான். வாத்துப் படம் கீறினவர்."

யூலியா சிரிக்கவில்லை. "இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ. காலமை வேண்டாம், பின்னேரம் மூண்டு மணிக்கு வந்து வளாகத்தைச் சுத்திப் பாக்கட்டும். கோப்பியும் கேக்கும் குடுப்பம். இது என்ரை முடிவு."

"போறன்," என்றார் மரியரட்ணம். போகத்தான் போனார்.

ஹான்காவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. யன்னல் பிடியில் கறுப்புத் திருநாள் உடுப்பு ஸ்திரி போட்டுத் தொங்கியது. குசினி மேசையில் பெரிய சட்டிக்குள் மா பொங்கிக்கொண்டிருந்தது. நாளைக் காலைப் பாணுக்கு. சோர்பியர் வீட்டில் விருந்தாளி வந்தால் வாசலில் பாணும் உப்பும் கொடுப்பார்கள். குளிர்பெட்டிக் கதவில் முப்பத்தெட்டுப் பேர் கொண்ட பட்டியல், வந்து சேரும் வழியோடு. ஒருவர் லைப்சிக்கிலிருந்து ரயிலில்.

"என்ன ரட்ணம், இந்த நேரத்திலை?" என்று கேட்டார் ஹான்கா, கையெல்லாம் மாவோடு.

மரியரட்ணம் வாயைத் திறந்தார். "பஸ் சரியா ஒன்பது நாப்பதுக்கு வருமோ எண்டு கேக்க வந்தனான்."

"வரும். ரெண்டு தரம் கேட்டுப் பாத்திட்டன்."

"அப்ப சரி."

படியிறங்கும்போது தம்பியின் முகம் நினைவில் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னர் தம்பி ஊரிலிருந்து ஒரு காணொளி அனுப்பியிருந்தான். அவர்களுடைய அப்பாவின் காணி. சண்டைக் காலத்தில் அவர்களை வெளியேற்றிய பிறகு திரும்பிப்போக விடாத காணி. அதில் பெரிய கட்டடம் ஒன்று எழும்பி அன்றைக்குத் திறப்பு விழா. தம்பி கம்பிவேலிக்கு வெளியே நின்று படம் பிடித்திருந்தான். ஒலிபெருக்கியில் யாரோ சொல்வது கேட்டது: "இந்தக் காணியை மனமுவந்து தந்த மக்களுக்கு எமது நன்றிகள்." உள்ளே கைதட்டல். தம்பி கைபேசியைத் தன் பக்கம் திருப்பி, "கேட்டியோ அண்ணை? எங்களுக்கு நன்றி சொல்லுறாங்கள்," என்று சிரித்தான். நன்றியைக்கூட மரியரட்ணம் பொறுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாளைக்கு ஹான்கா அக்காவை வேலிக்கு வெளியே நிறுத்தினால் அதைச் செய்த கை யாருடையது? யூலியாவினுடையது அல்ல. அழைப்பிதழ் கொண்டுபோன கை.

வீட்டில் வெரோனிக்கா கேட்டார்: "சொல்லிட்டீங்களோ?"

"பஸ் நேரம் கேட்டனான்."

"எனக்குத் தெரியும்! முப்பது வருசமாப் பாக்கிறன், உங்களாலை ஒரு ஆளைப் பாத்து வராதையுங்கோ எண்டு சொல்ல ஏலாது. என்ரை தம்பி குடும்பம் வந்து ஆறு கிழமை நிண்டுதே, அப்பவும் இப்பிடித்தான் பஸ் நேரம் கேட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

"இப்ப அதை ஏன் எடுக்கிறீர்?"

"வேறை எப்ப எடுக்கிறது? அது கிடக்கட்டும். மேசை எத்தினை?"

"ஐம்பத்தாறு."

"மடிக்கலாமோ?"

"மடிக்கலாம்."

வெரோனிக்கா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பெரிய அண்டாவைத் தனியே தூக்குபவர். "நாளைக்கு எனக்கு லீவு. விடிய அஞ்சு மணிக்கு எழுப்புங்கோ. வேலை போனால் போகட்டும், வேறை வேலை தேடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த மனிசியின்ரை முகத்தைப் பாக்க வேணுமெல்லே?"

விடியற்காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் மண்டபத்தைத் திறந்தார்கள். ஒருவர் மடிக்க, ஒருவர் தள்ள, ஏழு மணிக்கு முன்னால் ஐம்பத்தாறு மேசையும் களஞ்சிய அறைக்குள் போய்விட்டன. பிறகு தங்கூசி. இரண்டாவது வரைபடத்தில் உள்ளபடி நடைபாதை விட்டு, வரிசை வரிசையாகக் கதிரை. முதல் இரண்டு வரிசையிலும் டுபோவ்காவின் பேர்த்துண்டுகள். சோர்பிய எழுத்துகளுக்கு மேலே வருகிற கொம்பும் கீறும் ஒன்றுகூடத் தவறாதபடி ஹான்காவிடம் முன்பே எழுதி வாங்கியிருந்தார். அமைச்சும் வங்கியும் மூன்றாம் வரிசைக்குப் போயின. வெரோனிக்கா களஞ்சியக் கதவைச் சாத்தி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாறன். சோறு கட்டி வைச்சிருக்கிறன், பையுக்குள்ளை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழே முக்காலுக்கு யூலியா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ரட்ணம்."

"ஓம்."

"இதுக்கு உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத வேணும்."

"எழுதுங்கோ. அதுக்கு முதல் எண்ணிப் பாருங்கோ."

வரைபடத்தைக் கொடுத்தார். அவள் கோபத்தோடுதான் எண்ணினாள். அளவுநாடாவை வாங்கி நடைபாதையை அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அது அவளை இன்னும் கோபப்படுத்தியது.

"செயலாளர் மூண்டாம் வரிசையோ?"

"அங்கை வெளிச்சம் நல்லா விழும். வாத்துக் கீற வசதி."

யூலியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. "பகிடி விடாதேங்கோ. தலைவருக்கு நான் என்ன சொல்லுறது?"

அந்நேரம் அவுஸ்திரேலியப் பேராசிரியை தன் படங்களைத் திரையில் போட்டுப் பார்க்க முன்கூட்டியே வந்தார். வெள்ளைத் தலை, சேறு காய்ந்த சப்பாத்து. மரியரட்ணத்தைக் கண்டதும் விரலை நீட்டினார். "நீங்கள்தானே வகுப்பிலை கடைசியா நிண்டு கும்பிட்டவர்?"

"முதல் மூண்டு கிழமை மட்டும்தான்," என்றார் மரியரட்ணம்.

பேராசிரியை முதல் வரிசைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். யாருடைய பேர் என்று கேட்டார். யூலியா தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னாள். கேட்டு முடித்த பேராசிரியை அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பிடியெண்டால் அந்த வசனத்தைத் தலைவர் வாசிக்கக் கூடாது," என்றார்.

"ஏன்?"

"எங்கடை பக்கத்திலை ரெண்டு வழக்கம். நிலத்துக்காரருக்கு மரியாதை சொல்லுறது ஆரும் செய்யலாம், நான் வகுப்பிலை செய்யிற மாதிரி. ஆனால் வரவேற்கிறது நிலத்துக்காரர் மட்டும்தான். அவை வந்திருந்தால் முதல் கதைக்கிறது அவை. மற்ற எல்லாரும் விருந்தாளியள். செயலாளரும்தான், நானும்தான்." பிறகு மரியரட்ணத்தைப் பார்த்தார். "நான் இத்தினை கிழமையாச் சொல்லிக்கொண்டிருந்தனான். போய்க் கூப்பிட்டது நீங்கள்."

யூலியா தலைவரோடு கதைக்கக் கைபேசியை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனாள். மரியரட்ணம் ஒலிவாங்கியைத் துடைப்பதுபோலக் காதைக் கொடுத்தார். "ஓம், வருகினம்... முப்பத்தெட்டு... இல்லை இல்லை, உயிரோடைதான்... இல்லை, தாள் தேவையில்லை, நீங்கள் அவவைக் கூப்பிட்டால் காணும்... ஓம், நான் பொறுப்பு." கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் மரியரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் ஒன்பது நாற்பதுக்கு வந்தது. முதலில் இறங்கியது தொண்ணூற்றொரு வயதுக் கொல்லர், சில்லுக்கதிரையில். முதல் வரிசை ஓரத்தில் அவருக்கு இடம் விட்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த துண்டை வாசித்தார். முகம் இறுகியது.

"நோவாக்குக்குப் பக்கத்திலை நான் இருக்க மாட்டன்."

"ஏன் ஐயா?"

"அவவின்ரை வீட்டுக் கோழியள் என்ரை தோட்டத்தை ஒரு வருசம் முழுக்கக் கிளறினது."

"எந்த வருசம்?"

"எழுபத்தெட்டு."

பின்னால் வந்த ஹான்கா, "அந்தத் தோட்டத்திலை கிளற என்ன இருந்தது?" என்றார், பாணைக் கையில் ஏந்தியபடி.

தோட்டமும் இல்லை, கோழியும் இல்லை, வேலியும் இல்லை. சண்டை மட்டும் அப்படியே இருந்தது. மரியரட்ணம் ஹான்காவின் துண்டை வரிசையின் மறுமுனைக்குக் கொண்டுபோனார். அவர் போட்ட ஒழுங்கை வேறொருவர் சொல்லி மாற்றியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது சந்தோசமாகவே இருந்தது.

பத்து மணிக்குக் கல்லூரித் தலைவர் மேடையேறினார். கையில் தாள் இல்லை. "எங்களை வரவேற்கும்படி இந்த நிலத்துக்காரரைக் கேட்டுக்கொள்கிறேன்," என்றார். இறங்கி மூன்றாம் வரிசையில் போய் இருந்தார்.

ஹான்கா மெல்லமாகத்தான் நடந்தார். மரியரட்ணம் ஒலிவாங்கியை அவருடைய உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார்.

"வித்தாய்ச்சே க நாம்," என்றார் ஹான்கா. எங்களிடத்துக்கு வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். முன்னிரண்டு வரிசையும் ஒரே குரலில் சோர்பிய மொழியில் பதில் சொன்னது. பிறகு அவர் ஜேர்மனுக்கு மாறினார்.

"தெருவின்ரை தொடக்கத்திலை இருந்து சொல்லுறன். முதலாம் இலக்கம், கொல்லர் வீடு."

கோழிக்காகக் கோபித்திருந்த கிழவர் கையை உயர்த்தினார்.

"ரெண்டாம் இலக்கம்," என்று அந்த வீட்டுப் பேரைச் சொன்னார். இரண்டாம் வரிசையில் இரண்டு கைகள். மூன்றாம் இலக்கம், ஒரு கை. நான்காம் இலக்கத்துக்குக் கை எழும்பவில்லை. ஹான்கா ஒரு மூச்சு எடுக்கும் நேரம் நின்றார். ஐந்துக்குப் போனார். இப்படியே முப்பத்தொரு வீடும். எட்டாம் இலக்கத்துக்குத் தன் கையையே உயர்த்தினார். மொத்தம் ஒன்பது வீடுகளுக்குக் கை இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே அளவு நேரம் நின்றுதான் போனார்.

கதவடியில் நின்ற மரியரட்ணம் வகுப்பில் போலவே கைகூப்பி நின்றார். இந்தத் தடவை பிழையாக விளங்கிக்கொண்டு அல்ல.

"அந்தக் கோப்பி இயந்திரம் நிக்கிற இடம் எங்கடை மாட்டுக் கொட்டில்," என்றார் ஹான்கா முடிவில். "ஆகவே அங்கை கொஞ்சம் துப்பரவாப் புழங்குங்கோ. இப்ப எல்லாரும் வந்து பாண் எடுங்கோ. செயலாளர் முதல் வரலாம், அவர் தூரத்திலை இருக்கிறார்."

சிரிப்பு எழும்பியது. செயலாளர் எழுந்து வந்து பாணைப் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டார். அவருக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் வரிசையில். ஒரு நிமிடம் என்று குறைத்த அம்சம் அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. யூலியா ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். நாலு தடவை பார்த்தாள். ஆனால் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. இரண்டு கிழமை கழித்து, எல்லா நிகழ்ச்சிக்கும் நிரப்புகிற படிவத்தின் புதிய பிரதி ஒன்றை யூலியா கொண்டுவந்து கொடுத்தாள். மேலேயே ஒரு புதிய வரி இருந்தது: 'டுபோவ்கா: யார் வருகிறார்கள்? யார் போய்க் கூப்பிட்டது? எத்தனை கதிரை?'

"நடுவிலை உள்ள கேள்விக்கு நிரந்தரமா உங்கடை பேரைப் போட்டிருக்கிறன்," என்றாள். "ஆனால் அடுத்தமுறை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ, ரட்ணம். நானும் வாறன். மூண்டாம் மாடியெல்லாம் எனக்குப் பெரிய விசயமில்லை."

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை மரியரட்ணத்தின் வீட்டு மணி அடித்தது. நான்காம் மாடி, மின்தூக்கி பழுது. கதவைத் திறந்தால் ஹான்கா நோவாக், கறுப்பு உடுப்பில், மூச்சு வாங்கிக்கொண்டு. பின்னால் கொல்லரின் மகள், அவருக்குக் கைகொடுத்தபடி.

"ஐயோ அக்கா, ஒரு ரெலிபோன் எடுத்திருக்கலாமே," என்று வெரோனிக்கா தமிழும் ஜேர்மனும் கலந்து பதறி, கதிரையை இழுத்துப் போட்டார்.

ஹான்கா இருக்கவில்லை. நின்றபடியே கைப்பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். டுபோவ்கா ஊரவர் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற நாள். கோவில் மண்டபம், மதியச் சாப்பாடு. அழைப்பிதழில் 'மரியரட்ணம் குடும்பம்' என்று கையால் எழுதியிருந்தது.

"நீங்கள் வாசலுக்கு வந்து கூப்பிட்டீங்கள்," என்றார் ஹான்கா. "நான் மட்டும் தபாலிலை போடுறதோ? ரெண்டு கதிரையிலை பேர் ஒட்டியாச்சு. முதல் வரிசை. நான் கொல்லருக்குத் தூரத்திலை."

மரியரட்ணம் அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு தரம் வாசித்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறியள்?"

"நூற்றிருபது இருக்கும்."

"அந்தக் கோயில் மண்டபத்துக்கு எத்தினை கதிரைக்கு அனுமதி? வரைபடம் பாத்தனீங்களோ?"

"மனிசி மூச்சு விடட்டும் முதல்," என்று வெரோனிக்கா அவரை முழங்கையால் இடித்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். மரியரட்ணம் சப்பாத்து அலுமாரிக்கு மேலே கிடந்த தங்கூசிச் சுருளை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.